ஹோலி அன்று மட்டும் வருகிறவர்

— கண்ணை மூடிக்க லாலி, கடலை மாவு உள்ள போயிடும். காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தலைக்கும் ஒடம்புக்கும் கடுகெண்ணெயை அப்பிக்கிட்டு வெளிய போன்னு. கேட்டியா?

— தடவினேன் அம்மா. கொஞ்சம் தடவினேன்.

— கொஞ்சமா. காது மடல்ல பச்சை எப்படி ஏறிக் கெடக்கு பாரு. பத்து நாளைக்கு அசையாது. இப்படியே உன் ஊருல போய் எறங்கினா, புடிச்சு ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டுருவாங்க.

— என் ஊரில் இன்னும் பனி உருகியிருக்காது. தொப்பி போட்டுக்கொள்வேன். யாருக்கும் என் காது தெரியாது.

— நீ பேசறது ரேடியோவுல சேதி வாசிக்கற மாதிரியே இருக்கு. "இன்னொரு ரொட்டி போடு"ன்னு நாங்க கேப்போம். நீ "மேலும் ஒரு ரொட்டி கிடைக்குமா"ன்னு கேட்ட பாரு, மொத நாளு. யாரு உனக்கு இந்தப் பாஷையைச் சொல்லிக் குடுத்தது?

— ஒரு வாத்தியார். நான்கு வருடம் படித்தேன். அவரே உங்கள் நாட்டைப் பார்த்ததில்லை.

— சுத்தம். பம்பை ரெண்டு அடி அடி. வாளி ரொம்பட்டும். ம், போதும், உக்காரு. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் என் கையில சாயம் படுது, உன்னால.

— நீங்கள் விளையாட மாட்டீர்களா? ஊரே வெளியே இருக்கிறது.

— வெள்ளைச் சேலை கட்டினவளுக்கு என்ன ஹோலி? கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பேன். முதுகைக் காட்டு. லாலி, இது என்ன, தோள்ல இப்படிக் கன்னிப் போயிருக்கு? யாராவது கைய கிய வெச்சானா? சொல்லு, தடியை எடுத்துக்கிட்டு நானே போறேன்.

— யாரும் தவறாக நடக்கவில்லை. கூட்டத்தில் நசுங்கினது.

— எந்தக் கூட்டத்துல?

— கோயில் சந்தில்.

— அந்தச் சந்துப் பக்கம் மட்டும் போகாதன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீர்கள். எல்லாரும் அங்கேதான் போனார்கள், நானும் போனேன். மாடிகளில் இருந்து குடம் குடமாகப் புரசம்பூச் சாயத்தை ஊற்றினார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. மேளம் அடித்தார்கள். எனக்குத் தெரியாத பாட்டை நானும் பாடினேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு, ஒரு நேரத்தில், என் கால் தரையில் இல்லை.

— தரையில இல்லன்னா?

— யாரும் என்னைத் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் இருந்த தோள்கள் தூக்கிவிட்டன. மூச்சை வெளியே விட்டேன். திரும்ப உள்ளே இழுக்க இடமில்லை. எனக்கு எதிரே ஒருவன் பாடிக்கொண்டே இருந்தான், அம்மா. அவன் வாய் என் நெற்றியில் இடித்தது. நான் சாகிறேன் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

— ராதே ராதே.

— அப்போதுதான் ஒரு கை வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. ஒரு கடையின் படிக்கு மேலே இழுத்துப் போட்டுவிட்டு, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று முதுகில் அடித்தார்.

— யாரு?

— தெரியாது. தலையிலிருந்து கால்வரை வண்ணம். பச்சை, அதற்கு மேல் கருப்பு, அதற்கு மேல் வெள்ளி. பல்லில் கூடச் சாயம். அவருக்கு முகம் என்றே ஒன்று இல்லை.

— நல்லா இருப்பான், எவனோ ஒரு புண்ணியவான். எண்ணெய்க் கிண்ணத்தை இப்படித் தள்ளு.

— என்னை இங்கே கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

— நீ எடத்தைச் சொல்லியிருப்ப.

— சொல்லவில்லை. எனக்குப் பேச்சே வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எருமைத் தொழுவத்துக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டுமே நுழையும் வழி. சாக்கடைமேல் ஒரு கல் போட்டிருக்கிறது இல்லையா, "அது ஆடும், மிதிக்காதே" என்று அந்தக் கல் வருவதற்கு முன்பே சொன்னார். அதைத் தாண்டினால் உங்கள் பின்கதவு. நான்கு நாளாக இந்த வீட்டில் இருக்கிறேன், இங்கே ஒரு பின்கதவு இருப்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

— நீ பாங்கு குடிச்சிருக்க.

— இல்லை.

— உனக்குத் தெரியாது. கஞ்சா எலையை அரைச்சுக் கலந்து எவனோ நீட்டினதை, பால்னு நெனச்சு வாங்கிக் குடிச்சிருப்ப. ஏலக்காயெல்லாம் போட்டு மணமாத்தான் இருக்கும். அது உள்ள போச்சுன்னா, நடக்காததெல்லாம் நடந்த மாதிரி இருக்கும்.

— காலையிலிருந்து நீங்கள் கொடுத்த தேநீர் மட்டும்தான் குடித்தேன்.

— அக்கா. ஏ அக்கா. அங்கூரிதான். குஜியா கொண்டாந்திருக்கேன், கதவைத் தெற.

— தெறந்துதான் இருக்கு, தள்ளு. சத்தம் போடாத. பொண்ணு குளிச்சுக்கிட்டிருக்கா.

— அட, நம்ம வெள்ளைக்காரி. இப்ப வெள்ளை எங்க இருக்கு, ஆமா. வாயைத் தெற பொண்ணே, சூடா இருக்கு, உள்ள கோவா வெச்சது. எங்க வீட்டுக்காரரு நாலு தின்னுட்டு அஞ்சாவதுக்குச் சண்டை போடறாரு. அக்கா, நீ பின்கதவுப் பக்கம் போனியா?

— போகலை.

— விழுந்திருக்கு. இந்த வருஷமும். கை அச்சு, அஞ்சு வெரலும் பளிச்சுன்னு. நான் தொட்டுப் பாத்தேன், இன்னும் காயலை. கையில ஒட்டிக்கிச்சு, ஆமா.

— தெருவுல போற பசங்க அப்பிட்டுப் போயிருப்பாங்க. வேற வேலை இல்லையா உனக்கு?

— வருஷா வருஷம் அதே பசங்களா? அதே ஒசரத்துலயா? மோதிர வெரலு வளைஞ்சு விழுந்திருக்கு அக்கா. பன்வாரி அண்ணனுக்கு வளைஞ்ச மாதிரியே.

— பன்வாரி அண்ணன் என்றால் யார்?

— உனக்கு யாரும் சொல்லலையா? அக்கா வீட்டுக்காரரு. பதினோரு வருஷம் முன்னாடி, இதே ஹோலி, இதே கோயில் சந்து. கூட்டத்துல மிதிபட்டு நாலு பேரு போயிட்டாங்க. அதுல ஒருத்தரு. போலீஸ்காரன் வந்து சேரறதுக்குள்ள நம்ம தெருக்காரங்களே கட்டில்ல தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. முத்தத்துல, இதோ நீ உக்காந்திருக்க பாரு, இங்கதான் எறக்குனாங்க.

— அங்கூரி, போதும்.

— சொல்றேன் இரு. மூஞ்சின்னு ஒண்ணு இல்ல பொண்ணே. சாயமும் சேறும் ரத்தமும் கொழைஞ்சு கெடந்துச்சு. மஞ்சள் ஜிப்பாவை வெச்சுத்தான் நாங்க அண்ணன்னே தெரிஞ்சுக்கிட்டோம். அக்கா பக்கத்துல உக்காந்து குனிஞ்சு பாத்தா. பாத்துட்டுப் போட்டா பாரு ஒரு கத்து, எனக்கு இன்னைக்கும் காதுல இருக்கு. அப்புறம் மடியில போட்டுக்கிட்டா. குளிப்பாட்டக்கூட விடலை. "ஹோலி ஆடின ஒடம்பு, சாயத்தோடயே போகட்டும்"னு புடிச்ச புடியில நின்னா. அப்படியே கொண்டுபோய் ஆத்தங்கரையில வெச்சோம். ஆறு வயசுப் புள்ளை கொள்ளி போட்டான். அதான் அண்ணனுக்குச் சாயம் இன்னும் போகலை. வருஷா வருஷம் இன்னைக்கு வந்து கதவைத் தொட்டுட்டுப் போறாரு. இதை இந்தத் தெருவுல யாரை வேணா கேளு.

— குஜியாவை வெச்சுட்டுப் போ அங்கூரி. உன் வீட்டுக்காரரு கூப்புடறாரு.

— அவரு எங்க கூப்புடறாரு, வாய் நெறையக் குஜியா. சரி, போறேன். பின்கதவுகிட்ட ஒரு வெளக்கு வெச்சுடு அக்கா. ராதே ராதே.

— ராதே ராதே.

— அம்மா. கையை நிறுத்திவிட்டீர்கள். எண்ணெய் வழிகிறது.

— நாலு மணிக்கு மதுராவுக்கு ஒரு வண்டி இருக்கு. பையைக் கட்டு.

— நான் இன்னும் மூன்று நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தேனே.

— இருக்க வேண்டாம். கேட்ட இல்ல? செத்தவரு கையைப் புடிச்சுக் கூட்டியாந்திருக்காரு உன்னை. அப்படி வந்தவ இந்த வீட்டுல படுக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு, போயிரு.

— அந்தக் கை சூடாக இருந்தது.

— உனக்கு இருந்த பயத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும்.

— பீடி வாசனை அடித்தது. வழியெல்லாம் இருமினார். வேகமாக நடந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. செத்தவருக்கு எதற்கு அம்மா மூச்சு வாங்க வேண்டும்?

— லாலி, நான் சொல்றதைக் கேளு.

— இன்னும் இருக்கிறது. அந்தக் கல் இருக்கும் இடத்தில் யாரோ மாடியிலிருந்து வெறும் தண்ணீரை ஊற்றினார்கள். என் முகத்தில் இருந்த வண்ணம் முக்கால்வாசி போய்விட்டது. அப்போதுதான் அவர் என்னை முழுதாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். எஸ்தோனியா என்றேன். கையை விட்டுவிட்டார்.

— கையை விட்டுட்டாரா.

— நெருப்பைத் தொட்டதுபோல விட்டார். இங்கே யாரிடம் சொன்னாலும், அது ஊர்ப் பெயரா, மாத்திரைப் பெயரா என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "செத்தவன் சாட்சி சொல்ல முடியாது. உள்ள ப்ரேமோ இருக்கா. அவகிட்டக் கேளு." உங்கள் பெயர் ப்ரேம்வதி. ப்ரேமோ என்று யார் கூப்பிடுவார்கள்?

— இப்ப யாரும் கூப்புடறதில்ல.

— கதவில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு போய்விட்டார். அவர் உயிரோடு இருக்கிறார், இல்லையா?

— மெதுவாப் பேசு. சுவருக்கு அந்தப் பக்கம் அங்கூரி இருக்கா.

— இருக்கிறாரா?

— கோவர்த்தன மலையைச் சுத்தி வர்ற சாமியாருங்களோட சாமியாரா இருக்காரு. தாடி, காவி, வேற பேரு. இந்த ஒரு நாளு மட்டும் வருவாரு. இன்னைக்கு எவன் மூஞ்சியும் எவனுக்கும் தெரியாதே. சொந்தத் தெருவுல நடப்பாரு, சொந்தச் சிநேகிதங்க மேல சாயம் ஊத்துவாரு, பின்கதவைத் தொட்டுட்டுப் போயிடுவாரு. நான் உள்பக்கம் நின்னு அந்தப் பலகை மேல கை வெச்சுக்குவேன். அவ்வளவுதான் எங்க குடித்தனம். கூட்டத்துல கெடைச்ச உன்னையும் அவருக்குத் தெரிஞ்ச ஒரே வாசலுக்குக் கூட்டியாந்துட்டாரு. தெரிஞ்சுக்கிட்ட இல்ல, போதும். இதை வெளிய சொன்னேன்னா எங்க வீட்டுல ரெண்டு பொணம் விழும்.

— நான் அதைக் கேட்க வரவில்லை, அம்மா.

— வேற என்ன?

— என் பையில் ஒரு படம் இருக்கிறது. எடுத்து வரட்டுமா?

— வேண்டாம்.

— என் அப்பாவின் படம். அவர் பெயர் ஆர்வோ. பள்ளிக்கூடத்தில் வரைபடம் சொல்லிக் கொடுப்பார். அம்மா இறந்த வருடம் தனியாக இந்தப் பக்கம் வந்தார். ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: "இங்கே ஒரு நல்ல குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். நாளை ஹோலி. எல்லாம் முடிந்ததும் எழுதுகிறேன்." எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறகு அவர் எழுதவில்லை.

— உலகம் பெருசு லாலி. இமயமலைப் பக்கம் போய் சாமியாரானவங்க எத்தனையோ பேரு.

— அதைத்தான் போலீஸ் நிலையத்திலும் சொன்னார்கள். போன வாரம் அங்கே போய்ப் பழைய காகிதத்தைப் பார்த்தேன். "ஹோலி அன்று விடியற்காலை பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்" என்று ஒருவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கீழே கைநாட்டு. பக்கத்தில் ப்ரேம்வதி என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் வாசலில் வந்து நின்றேன். நான்கு நாளாக உங்கள் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன்.

— எனக்கு நீ வந்து நின்னப்பவே தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்த நெத்தி. யாராவது பேசினா தலையைச் சாய்ச்சுக் கேக்கறது. எடம் இல்லைன்னு சொல்லிடணும்னுதான் வாயைத் தெறந்தேன். மாடி ரூம்பு காலியா இருக்குன்னு வந்துடுச்சு. அது அவரு தங்கின ரூம்புதான்.

— அப்படியென்றால் அவர் விடியற்காலையில் போகவில்லை.

— போகலை. துண்டை எடுத்துப் போத்திக்க. ஈரத்தோட இருக்க.

— துண்டு இருக்கட்டும். சொல்லுங்கள்.

— அந்த வருஷம் கடுகு அறுப்பு. இவரு ட்ராக்டரு ஓட்டிக்கிட்டு வந்தாரு. பக்கத்து ஊர்ப் பெரியதனக்காரரோட தம்பி மகன், பத்தொம்பது வயசு, போதையில வரப்பு மேல படுத்திருந்தான். இவருக்குத் தெரியலை. ஏத்திட்டாரு. அவங்க போலீசுக்குப் போகலை. வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஹோலி கழியறதுக்குள்ள உன் புருஷன். அவன் கெடைக்கலைன்னா உன் புள்ளை.

— ஆறு வயதுப் பிள்ளை.

— ஆமா. இவரு நாலு நாளா மாட்டுக் கொட்டாயில பதுங்கிக் கெடந்தாரு. உன் அப்பாதான் சோத்தை மறைச்சுக் கொண்டுபோய்க் குடுப்பாரு. எல்லாம் அவருக்குத் தெரியும். ஹோலி அன்னைக்குக் காலையில, கூட்டத்தோட கூட்டமா இவரு தப்பிச்சுப் போயிடலாம்னு ஏற்பாடு. மூஞ்சி பூரா சாயத்தைப் பூசி நான்தான் அனுப்பினேன். உன் அப்பாவும் கெளம்பினாரு, ஹோலி பாக்க. நல்ல சட்டை வீணாப் போயிடும்னு, இவரோட பழைய மஞ்சள் ஜிப்பாவை எடுத்து நான்தான் குடுத்தேன். போட்டுக்கிட்டு, இந்த முத்தத்துல ஒரு சுத்துச் சுத்திக் காட்டினாரு.

— மஞ்சள் ஜிப்பா.

— மத்தியானம் கட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "பன்வாரி போயிட்டான்"னு தெருவே அழுதுக்கிட்டு வந்துச்சு. அந்தப் பெரியதனக்காரரோட ஆளுங்களும் வந்து வாசல்ல நின்னாங்க, பாக்கறதுக்கு. அவன் செத்துட்டான்னா எல்லாம் தீந்துச்சு. என் புள்ளை பொழைச்சான். நீ என்ன வேணா சொல்லு, அன்னைக்கு எனக்கு அதுக்கு மேல எதுவும் கண்ணுக்குத் தெரியலை.

— அவரது பை?

— யமுனையில போட்டேன். கல்லைக் கட்டி. மூக்குக் கண்ணாடியை மட்டும் போட மனசு வரலை. மாடியில, உன் தலைமாட்டுச் சுவத்துப் பொறையில இருக்கு, துணியில சுத்தி.

— என் அப்பாவுக்கு உங்கள் பிள்ளை கொள்ளி வைத்தான்.

— பதிமூணு நாளும் முறையாச் செஞ்சான். வருஷா வருஷம் திதியும் குடுக்கறான். மகன் செய்யறதுல ஒண்ணும் கொறைக்கலை, லாலி.

— அழாதீர்கள். எனக்கே அழுகை வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். எதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும். முகம் முழுக்கச் சாயம், உடம்பில் உங்கள் கணவரின் ஜிப்பா. கட்டிலை இறக்கியபோது உங்கள் கணவர்தான் என்று நீங்களும் நினைத்தீர்கள். அதனால்தான் கத்தினீர்கள். பிறகுதான் தெரிந்தது, அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அப்படித்தானே? ஆமாம் என்று சொல்லுங்கள் அம்மா. நான் நாலு மணி வண்டிக்குப் போய்விடுகிறேன்.

— இதை நான் அவருகிட்டகூடச் சொன்னதில்ல.

— எதை?

— தெருவே சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்துச்சு. அவங்க ஆளுங்க வாசல்ல. கண்ணு ரெண்டும் சாயத்துல ஒட்டிக் கெடந்துச்சு. நான் குனிஞ்சு, முந்தானைக்குள்ள, ஒரு இமையை வெரலால தூக்கிப் பாத்தேன். நீலமா இருந்துச்சு. அது என்னைப் பாத்துச்சு, லாலி. தண்ணி வேணும்னு உதடு அசைஞ்சுச்சு. நான் இமையை இழுத்து மூடிட்டு, "என் புருஷன் செத்துட்டாரு"ன்னு கத்தினேன்.